இளஞ்சிவப்பாக வந்த சீரம்

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்பினேன். காபி குடித்துவிட்டு, முந்தின நாள் விசேஷத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை நிழலில் உலர்த்தினேன். ரசம் சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியபோது ஏழரை இருக்கும். கீழ் வீட்டில் அக்கா குடும்பம். ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. தினமும் இறங்கும்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போவது பழக்கம்.

அன்று எட்டிப் பார்த்தபோது அக்கா மகள் கூடத்தில் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முந்தின நாள்தான் முசிறியில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு நடந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அவளைக் கொண்டுவந்து விட மாமியாரும் கூட வந்து, இரவு தங்கியிருந்தார். மாப்பிள்ளைக்குத் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் முசிறியிலிருந்தே நேராக வேலைக்குப் போயிருந்தார்.

தலை வலிக்கிறது என்றாள். ராத்திரியிலிருந்தே வலிக்கிறதாம். வீடியோக்காரர் விளக்கு, கூட்டம், ஏழு வகைச் சாதம், வேனில் வந்தது என்று அக்கா நான்கு காரணம் சொன்னாள். கண் பட்டிருக்கிறது என்பது ஐந்தாவது. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாயிற்றாம்.

புதன்கிழமை நான் வேலை செய்யும் மருத்துவமனையின் மகப்பேறு டாக்டரிடம் அவளைக் காட்டுவதாக இருந்தது. அதுவரை முசிறியில்தான் மாதாமாதம் பார்த்தார்கள். போன முறை ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், உப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் பார்க்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கலெக்‌ஷன் சென்டர் உண்டு. ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வரும். போன் செய்து சொல்லிவிட்டு, பஸ் பிடித்து மெயின்கார்டு கேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தென்னூர் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவுக்கு நான் பொறுப்பு. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் செல்கள் அடியில் தங்கும், மேலே தெளிவாக ஒரு நீர் நிற்கும். அதுதான் சீரம். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதில் சர்க்கரை, உப்பு, நொதிகள் எல்லாவற்றையும் மெஷின் அளக்கும். அந்த எண்கள் நம்பத் தகுந்தவையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஸ்ரீரங்கத்துச் சாம்பிள் பை பதினொன்றரைக்கு வந்தது. அக்கா மகளின் குழாயைச் சுழற்றி எடுத்தபோது சீரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

இந்த நிறத்துக்கு எங்கள் இடத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். ரத்தம் எடுத்த விதம் சரியில்லை. மெல்லிய ஊசியில் இழுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ, கையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து நிறம் கசியும். நிறத்தோடு எல்.டி.எச். என்ற நொதியும் கசியும். அது உடம்பின் எல்லாச் செல்களுக்குள்ளும் இருப்பது, சிவப்பணுவுக்குள் ஏராளமாக இருப்பது. ஆகவே செல் உடைந்த சாம்பிளில் எல்.டி.எச். கூடுதலாகத்தான் காட்டும். அந்த எண்ணை வெளியே விட மாட்டோம். சாம்பிளை நிராகரித்து, புதிதாக எடுத்து அனுப்பச் சொல்வோம்.

என்னோடு வேலை செய்யும் சீனியர் டெக்னீஷியன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்ரீரங்கத்துல ரத்தம் எடுக்கிறாங்களா, மோர் கடையிறாங்களா மேடம்? ஒரு வாரத்துல இது மூணாவது."

நிராகரித்துவிடட்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது முறைதான். அது என் அக்கா மகளின் சாம்பிள் என்று அவரிடம் சொன்னேன். சொந்தக்காரர்களின் முடிவில் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் அவரே பார்க்க வேண்டும், ஆனால் நிராகரிக்கும் முன் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். ஓட்டினார்.

எல்.டி.எச். 940. எங்கள் அளவில் 250-க்குள் இருக்க வேண்டியது. ஈரலின் நொதிகள் இரண்டில் ஏ.எஸ்.டி. 168, ஏ.எல்.டி. 142. இரண்டும் நாற்பதைத் தாண்டக் கூடாது. அடுத்த மேசையில் ரத்த அணுக்களை எண்ணும் மெஷினில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 98,000 என்று வந்தது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும்.

கலெக்‌ஷன் சென்டருக்குப் போன் செய்து, ரத்தம் எடுத்த பெண்ணிடம் எங்கே குத்தினாய் என்று கேட்டேன். அவள் தயங்கித்தான் சொன்னாள்.

முந்தின நாள் போட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குக் கீழ் வரை இறுகிக் கிடந்தனவாம். தூக்கத்தில் ஒன்றோடொன்று மோதி உடையக் கூடாது என்று அக்கா இரவே அவற்றை மேலே ஏற்றி விட்டிருந்தாள். காலையில் கை இன்னும் உப்பி, வளையல்கள் அசையவில்லை. முழங்கை மடிப்பில் நரம்பு தேட இந்தப் பெண் கையை நீட்டச் சொன்னதும், வளையலில் கை வைக்காதே, ஒன்று உடைந்தாலும் உன்னை விட மாட்டேன் என்று அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டாளாம். பயந்துபோய்ப் புறங்கையில் குழந்தைகளுக்கான மெல்லிய ஊசியைப் போட்டு, சொட்டுச் சொட்டாக இழுத்திருக்கிறாள்.

எல்லாம் புரிந்தது. வளையல்களே கையைக் கட்டும் பட்டி போல இரவு முழுவதும் இறுக்கியிருக்கின்றன. அதற்குக் கீழே, மெல்லிய ஊசியில், மெதுவாக. செல் உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மெதுவாக எடுத்த ரத்தத்தில் சிறு கட்டிகள் சேர்ந்து தட்டணுக்கள் குறைவாகத் தெரிவதும் உண்டு. சாம்பிளைக் குற்றம் சொல்ல வேண்டிய எல்லாமே கைவசம் இருந்தது.

ஏ.எல்.டி. மட்டும் அதில் அடங்கவில்லை. சிவப்பணுவுக்குள் அது சொற்பம்தான். சிவப்பணு உடைந்து 142 வரை ஏறாது. அது ஈரலிலிருந்து வந்திருக்க வேண்டும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, அது முற்றும்போது உடம்புக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடையும், ஈரல் அடிபடும், தட்டணுக்கள் குறையும். மூன்றும் சேர்ந்து வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அப்படிப்பட்டவளின் ரத்தத்தை எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் சீரம் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். நாங்கள் கெட்ட சாம்பிள் என்று ஒதுக்கும் அதே நிறம்.

இரண்டில் எது என்று அந்தக் குழாயை வைத்துச் சொல்ல வழியில்லை. புது சாம்பிள் வேண்டும் என்று கணினியில் குறித்தால் முறைப்படி என் வேலை முடிந்தது. கலெக்‌ஷன் சென்டர் பெண் மறுநாள் காலை போவாள். நான் மகப்பேறு டாக்டருக்குப் போன் செய்தேன். புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்களைச் சொன்னேன், நிறத்தைச் சொன்னேன், வளையலையும் சொன்னேன்.

"கெட்டது சாம்பிளா, பொண்ணு உடம்பா? எதுன்னு நினைக்கிறீங்க?"

"தெரியல டாக்டர். ஏ.எல்.டி.யை மட்டும் சாம்பிள் தலையில கட்ட முடியல."

"அதுதான் எனக்கும் உறுத்துது. தலைவலி இருக்கா?"

"ராத்திரியிலேர்ந்து இருக்காம்."

"புதன்கிழமை வேணாம். இப்பவே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அக்காவுக்குப் போன் செய்தேன். ராகு காலம் முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை அது காலையிலேயே முடிந்துவிடும். அக்காவும் அக்கா மகளும் மாமியாரும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் மேல்கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். 172-க்கு 112. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார். 170-க்கு 112. டாக்டர் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்தார், மேல்வயிற்றில் வலது பக்கம் அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றாள். சாப்பாட்டு வாயு என்று அக்கா பக்கத்திலிருந்து சொன்னாள்.

அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு வராமல் தடுக்கும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். நல்ல நரம்பிலிருந்து மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வளையல்கள் தடை. உடைத்துவிடலாம் என்று நர்ஸ் ஒரு கத்தரியை எடுத்தார். எடுத்ததைப் பார்த்ததும் அக்கா மகளின் இரண்டு கைகளையும் அக்கா தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சுமங்கலிப் பொண்ணு கையில வளையலை உடைப்பாங்களா? நீயாவது சொல்லேன்டி" என்றாள் என்னைப் பார்த்து.

நான் ரத்தம் அவசியம் என்றேன். காலில் எடுக்கலாமே என்றாள். காலில் இந்த மருந்தை ஏற்றுவது சரியாக வராது என்று நர்ஸ் சொன்னார். பிரசவத்துக்கு முன்னால் வளையலைக் கழற்றினால் என்ன ஆகும் தெரியுமா என்று அக்கா தனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா மகள் கண்ணை மூடிக்கொண்டு, விளக்கை அணைக்க முடியுமா, கண் கூசுகிறது என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். கண் கூசுவதும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

வளையல்கள் அந்த மாமியார் வாங்கியவை. முந்தின நாள் அவர் வீட்டில் அவற்றைப் போடவே பெரும்பாடு பட்டார்கள். பத்து நாள் முன்பு அளவெடுத்து வாங்கிய வளையல் விசேஷத்தன்று கையில் ஏறவில்லை. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பிப் பெரிய அளவு வாங்கி வரச் செய்தார்கள். "புள்ள வயித்துல இருக்கா, கையில இருக்கா?" என்று அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருவர் கேட்டதற்குப் பந்தலே சிரித்தது. மாமியார் அதிகம் பேசாதவர். வாழைத் தோட்டமும் ஆட்களும் அவர் பொறுப்பு. அவசரப் பிரிவிலும் அதுவரை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"சம்பந்தி, எங்க ஊர்ல வலி எடுத்ததும் வளையலைக் கழட்டி, பிரசவம் பாக்குற கைக்குக் குடுத்துடுவோம். ஆஸ்பத்திரிப் படி ஏறியாச்சு. அந்தக் கை இங்கதான் நிக்குது. ரெண்டு நாள் முன்னாடி குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

அக்கா மகளின் கைகளை முந்தானையிலிருந்து விட்டாள். மாமியார் தன் பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார். பூ வாங்கி வந்த பை. அதை மருமகளின் கையில் உறைபோல மாட்டினார், நர்ஸிடம் சோப்புத் தண்ணீர் கேட்டு அதன்மேல் தடவினார். வளையல்காரர்கள் செய்வதுதான். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்து, ஒவ்வொரு வளையலாக இறக்கினார். "வலிச்சா சொல்லு, தாயி" என்றார். அவள் சொல்லவில்லை. இடது கையில் கடைசிக்கு முந்தின வளையல் உடைந்தது. துண்டுகளை அவர் பொறுக்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். வளையல் இருந்த இடங்களில் தோல் பள்ளமாகப் பதிந்து, வரிவரியாகத் தெரிந்தது.

மீதி வளையல்களைத் துடைத்து நர்ஸிடம் நீட்டினார். நர்ஸ் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டவர். கொஞ்சம் விழித்தார்.

"எனக்கு இது ரொம்பப் பெருசும்மா."

"உங்க மாமியாருக்குப் போடுங்க. மாமியாருங்களுக்கு எப்பவுமே பெரிய அளவுதான்."

அக்கா மகள் சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். நர்ஸ் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

வலது முழங்கை மடிப்பில் நல்ல நரம்பு. தடித்த ஊசியில், இழுக்காமல், ரத்தம் தானாகவே குழாயில் இறங்கியது. யாரும் குலுக்கவில்லை. நானே கையில் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். உறைய விட வேண்டும், பிறகு சுழற்ற வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. அந்த நேரத்தில் நிலுவையில் இருந்த சர்க்கரை, யூரியா முடிவுகளைச் சரிபார்த்து அனுப்பினேன். அவற்றுக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

டெக்னீஷியன் குழாயை வெளியே எடுத்தார். இளஞ்சிவப்பு. காலையில் பார்த்ததைவிடச் சற்று வெளிர். ஆனால் இளஞ்சிவப்பு.

இம்முறை அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மெஷினில் வைத்தார். எல்.டி.எச். 812. ஏ.எஸ்.டி. 171. ஏ.எல்.டி. 149. தட்டணுக்கள் 92,000. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார். தட்டணுக்கள் கட்டி சேரவில்லை, உண்மையாகவே குறைவு. சிவப்பணுக்களில் பல, ஓரம் கடிக்கப்பட்டவை போல உடைந்து கிடந்தன. என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

காலை எண்ணைவிட எல்.டி.எச். 128 குறைந்திருந்தது. அந்த அளவு ஊசியாலும் வளையலாலும் வந்திருக்கலாம். மீதி அவளுடையது. அவர் கையெழுத்திட்டார். நான் டாக்டரிடம் எண்களை வாசித்தேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார்.

மாப்பிள்ளை துவாக்குடியிலிருந்து யூனிபார்மோடு வந்திருந்தார். டாக்டர் எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்துச் சொன்னார். மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. நோய் நஞ்சுக்கொடியில் தொடங்குவது. குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுத்தால்தான் நிற்கும். குழந்தைக்கு மாதம் குறைவு, இன்குபேட்டரில் வைக்க வேண்டியிருக்கும். அதன் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஒரு ஊசி போட்டிருக்கிறோம். அது முழுதாக வேலை செய்யும் வரை காத்திருக்க முடியாது.

"ஒரு பத்து நாள் தள்ள முடியாதாங்க டாக்டர்?" என்றாள் அக்கா.

"பத்து நாள் இல்லைங்கம்மா. இன்னைக்கு ராத்திரியையே நான் தள்ள விரும்பல. உங்க பொண்ணு எனக்கு முழுசா வேணும்."

மாப்பிள்ளை எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. ஒரு கிலோ எழுநூற்றைம்பது. மெலிதாக அழுதது என்று நர்ஸ் வெளியே வந்து சொன்னார். குழந்தையை மூன்றாம் மாடிக்குக் கொண்டு போனார்கள். அக்கா மகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். தாய் பிழைத்தாயிற்று என்று அக்கா கைகூப்பினாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த நோயில் பிரசவத்துக்குப் பிறகும் ஓரிரு நாட்கள் நொதிகள் ஏறக்கூடும், தட்டணுக்கள் இறங்கக்கூடும். அதற்குள் வலிப்பு வரலாம், உள்ளே ரத்தம் கசியலாம். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த ரத்தத்தில் எல்.டி.எச். 846. தட்டணுக்கள் 81,000. இரண்டும் தவறான திசை. டாக்டர் பார்த்துவிட்டு, இது எதிர்பார்த்ததுதான், காலையில் பார்ப்போம் என்றார். அக்காவிடம் எண்களைச் சொல்லவில்லை. டாக்டர் காலையில் பார்ப்பார் என்பதை மட்டும் சொன்னேன்.

மாமியார் மட்டும் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "நெஜமா எப்படிம்மா இருக்கு?" ஏறியிருக்கிறது, காலையில் இன்னும் ஏறினால் கஷ்டம், நின்றால் நல்லது என்றேன். தலையாட்டினார். அக்காவையும் என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, தான் அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை அவருக்கு இட்லி வாங்கி வந்தார். நாங்கள் ஸ்ரீரங்கம் திரும்பினோம். பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். கீழ் வீட்டில் பாய் விரித்தபடியே கிடந்தது. அதைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸில் போனேன். ஆய்வகத்துக்குள் போவதற்கு முன் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏறி, இரவு நர்ஸ் அப்போதுதான் எடுத்து வைத்திருந்த ரத்தக் குழாய்களை வாங்கிக்கொண்டேன். அக்கா மகள் விழித்திருந்தாள். மருந்தில் நாக்கு கனத்து, "பாப்பா அழுதுச்சா சித்தி?" என்று கேட்டாள். அழுதது என்றேன். இரவுப் பணியில் இருந்த டெக்னீஷியன் குழாய்களை ஓட்டிக் கையெழுத்திட்டார். எல்.டி.எச். 830. தட்டணுக்கள் 83,000. நல்ல எண்கள் அல்ல. ஆனால் எல்.டி.எச். ஏறவில்லை, தட்டணுக்கள் இறங்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்து வாசித்தேன்.

"நின்னுடுச்சு" என்றார். "இனிமே குறைய ஆரம்பிக்கும்."

படியேறி வராந்தாவுக்குப் போனேன். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பி, நின்றுவிட்டது என்று சொன்னேன்.